கட்சி வளர்த்த பிள்ளை

என் தம்பி குணாளன் பொறந்ததுலேருந்து இன்னைக்கு வரைக்கும் ஒருநாள்கூட வேலைக்குப் போனதில்ல. உடனே ஊதாரி, குடிகாரன்னு நெனச்சிடாதீங்க. அவன் நாடாளுமன்ற உறுப்பினர். கெடா மாநிலத்துல எங்க தொகுதிக்கு அவன்தான் வைபி, மாண்புமிகுன்னு அர்த்தம். போற இடமெல்லாம் மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு. அதுவும் ஒரு வேலைதானேன்னு கேப்பீங்க. கேளுங்க, சொல்றேன்.

நான் லோகேஸ்வரி, அவனோட அக்கா. கூலிம் ஹைடெக் பூங்காவுல ஒரு ஃபேக்டரியில ஆபரேட்டர். தலைக்குத் தொப்பி, மூஞ்சிக்கு மாஸ்க், கண்ணு மட்டுந்தான் வெளிய தெரியும். ஒரு ஃபேக்டரி ஒத்து வரலேன்னா இன்னொண்ணுக்கு மாறிடுவேன். முன்னாடி ஒரு இடத்துல சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசினான்னு வேலைக் கார்டைக் கழட்டி அவன் மேசையிலேயே வீசிட்டு வந்தவ நான். அடுத்த வாரமே வேற எடத்துல சேந்துட்டேன். என் தம்பியால அப்படி எதையும் வீச முடியாது. அவன் கதையே அதுதான்.

பாடாங் மேஹா பக்கம் மேட்டுத் தோட்டத்துல, வரிசையாக் கட்டின லயத்து வீட்டுலதான் நாங்க ரெண்டு பேரும் பொறந்தோம். அப்பா சீக்கிரமே போயிட்டாரு. அம்மா ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தாங்க. ரப்பரைச் சாய்ச்சுட்டுச் செம்பனை நட்ட பிறகு உரம் போட்டாங்க. நான் ஃபேக்டரிக்குப் போனேன். குணா மட்டும் படிச்சான். படிப்பு சுமார்தான், ஆனா பேச்சு இருக்கே பேச்சு, வாயைத் திறந்தான்னா கோயில் மேடையில நிக்கிறவனெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பான்.

ஒரு தடவை எங்க முனியாண்டி கோயில் திருவிழாவுக்குக் கட்சிப் பெரிய மனுஷன் ஒருத்தர் வந்தாரு. அரண்மனையில டத்தோ பட்டம் வாங்கினவரு; டத்தோன்னா எல்லாருக்கும் தெரியும், பேர் வேணாம். குணா அன்னைக்கு வரவேற்புரை பேசினான். டத்தோ அவன் தோள்ல கையப் போட்டு, "இந்தப் பையனை எங்கிட்ட விடுங்கம்மா"ன்னு அம்மாகிட்ட கேட்டாரு. அம்மா அழுதுக்கிட்டே குடுத்துட்டாங்க. அன்னைக்குப் போனவன்தான்.

டத்தோ வீட்டு மாடியில படுத்தான். டத்தோ பையைத் தூக்கினான். காலேஜுக்கு டத்தோ அனுப்பினாரு, அங்க போயும் கட்சி மாணவர் பிரிவு. முடிச்சதும் இளைஞர் பிரிவு. பிறகு டத்தோவுக்குச் சிறப்பு அதிகாரி, அதாவது டத்தோ பேச வேண்டியதை இவன் எழுதறது. கல்யாணம்கூட மகளிர் பிரிவுத் தலைவி மகளோடதான், தாலியை எடுத்துக் குடுத்ததும் டத்தோதான். குடியிருக்கற வீடு, ஓட்டுற காடி, புள்ளைக்குப் பள்ளிக்கூடம், எது வேணும்னாலும் அந்த ஒரு வாசல்லதான் போய் நிக்கணும். எங்களுக்கெல்லாம் அப்ப ஒரே பெருமை. நம்ம லயத்துப் பையன் எங்க போயிட்டான் பாருன்னு மாஞ்சு மாஞ்சு பேசினோம்.

போன தேர்தல் வந்துச்சு. எங்க தொகுதியில நிக்கிறதுக்குக் கட்சியில ரெண்டு பேரைப் பத்திப் பேச்சு அடிபட்டுச்சு. ஒருத்தன் குணா. இன்னொருத்தர் சுங்கை பட்டாணி வக்கீல் டெனிஸ். டெனிஸு வாத்தியார் வீட்டுப் பிள்ளை, டவுன்லயே வளந்தவரு, ஞாயித்துக்கிழமை மாதா கோயில், தமிழ் பேசினா பாதி இங்கிலீஷ். தோட்டத்துக் கிளைக் கூட்டத்துக்கு ரெண்டு பேரும் வந்தாங்க. அன்னைக்குன்னு பாத்து மழை. டெனிஸு காடியிலேருந்து எறங்கினதும் சப்பாத்துல சேறு ஒட்டிக்கிச்சு. ஓரமா நின்னு காகிதத்தால துடைச்சாரு. அவ்வளவுதான், மனுஷன் கதை அங்கேயே முடிஞ்சுது.

"நம்ம சேத்தைப் பாத்து மொகம் சுளிக்கிறவன் நம்மளைப் பாப்பானா?"ன்னா பக்கத்து வீட்டுப் பாப்பம்மா.

கோயில் தலைவர் அம்மாசி அண்ணன் எழுந்து நின்னு, "குணா நம்ம ரத்தம்லா. நமக்கு அடிபட்டா அவனுக்கு வலிக்கும்"னாரு.

எல்லாரும் கையைத் தூக்கினோம். ரத்தமாம், வலிக்குமாம். எங்க தோட்டத்து ஆளுங்களுக்கு ஒரு ஆளை எடைபோட ஒரே கேள்விதான் தெரியும், இவன் எந்த லயத்துல பொறந்தான்? எவன் சோத்துல வளந்தான்னு ஒருத்தராவது கேட்டோமா? கேக்கல. குணா எங்க தொகுதியில நின்னு ஜெயிச்சான், அதைப் பாக்க அம்மாதான் உசுரோட இல்ல. டெனிஸைப் பக்கத்து டவுன் தொகுதியில நிறுத்தினாங்க, அவரும் ஜெயிச்சாரு.

அப்புறம் தோட்டத்தை வித்துட்டாங்க. ஃபேக்டரிங்க பெருத்துக்கிட்டே வருது, பக்கத்து நிலத்துக்கெல்லாம் கிராக்கி. வாங்கின கம்பெனி லயத்துச் செவுத்துல நோட்டீஸ் ஒட்டிச்சு. காலி பண்ணணும். மாத்து வீடு கிடையாது. மூணு தலைமுறையா இருக்கோம், எங்க போறது? பாப்பம்மாவுக்கு முட்டி வலி, அடுத்த லயம் வரைக்கும் நடக்கறதே பெரும்பாடு. அவளை எந்த ஊருக்குப் போகச் சொல்றது?

அந்த நேரத்துல நாடாளுமன்றத்துல நில மேம்பாட்டைப் பத்தி ஒரு மசோதா வந்துச்சு. டெனிஸு அதுல ஒரு திருத்தம் கொண்டாந்தாரு. தோட்டத்தை வாங்கறவன் அங்க குடியிருக்கற குடும்பங்களுக்கு அதே வட்டாரத்துல வீடு கட்டிக் குடுத்த பிறகுதான் காலி பண்ணச் சொல்லலாம், அவ்வளவுதான் திருத்தம். அது நிறைவேறினா எங்க கூரை தப்பிக்கும். கட்சி மேலிடத்துக்கு அது பிடிக்கலேன்னு காதுல விழுந்துச்சு. அம்மாசி அண்ணன் குணாவைக் கூப்பிட்டு அனுப்பினாரு.

வந்தான். கோயில் வாசல்ல கூடி நின்னோம். "நீ நம்ம பக்கம் ஓட்டுப் போடுவேன்னு சூடம் அடிச்சு சத்தியம் பண்ணு தம்பி, எங்களுக்கு அது போதும்"னாரு அம்மாசி அண்ணன். எங்க தோட்டத்துல அதுக்கு மேல கோர்ட்டு கிடையாது. புருசன் பொண்டாட்டிச் சண்டையிலேருந்து மாடு காணாமப் போனது வரைக்கும் முனியாண்டி முன்னாடி எரியற சூடத்தைக் கையால அடிச்சு அணைச்சாத்தான் தீரும். பொய்ச் சத்தியத்துக்கு நடுங்காதவன் எங்க ஊர்ல கிடையாது.

குணா சிரிச்சுக்கிட்டே, "இதோ வந்துட்டேண்ணே"ன்னுட்டுக் கோயில் பின்னாடி போனான். நான் அங்கதான் பொங்கப் பானை கழுவிக்கிட்டு இருந்தேன். என்னை அவன் பாக்கல. போன்ல பேசறான்.

"டத்தோ, சூடம் அடிக்கச் சொல்றாங்க டத்தோ. அடிக்கலாமா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னாங்களோ, "சரிங்க டத்தோ, சரிங்க டத்தோ"ன்னு தலையை ஆட்டினான். அப்புறம் நேரா போனான், சூடம் அடிச்சான், துன்னூறு பூசிக்கிட்டான். போட்டோக்காரன் எடுத்துத் தள்ளினான். சாமிக்குச் சத்தியம் பண்றதுக்கு உத்தரவு கேட்டவனை நான் அன்னைக்குத்தான் பாத்தேன். ஆனா ஒண்ணு, எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசந்தான். டத்தோவே சரின்னு சொன்னா ஓட்டும் நமக்குத்தானேன்னு கணக்குப் போட்டேன். ஜனங்களை அன்னைக்குச் சமாதானப்படுத்தி அனுப்பறதுக்குத்தான் சரின்னாருன்னு என் மரமண்டைக்கு எட்டல.

ஓட்டெடுப்பு அன்னைக்கு நான் லீவு போட்டுட்டேன். கோயில் மண்டபத்துல டிவியை வெச்சு, நாடாளுமன்றத்துல நடக்கறதை அப்படியே பாத்தோம். குணா பேச எழுந்தான். மலாய்லதான் பேசினான், நல்லாவே பேசினான். தோட்டத்துப் பிள்ளைன்னு ஆரம்பிச்சான். அம்மா பால் வாளி தூக்கித் தூக்கித் தோள் காய்ச்சுப் போனதைச் சொன்னான். லயத்துக் கூரை ஒழுகி, ராத்திரியெல்லாம் சட்டி வெச்சுத் தண்ணி புடிச்சதைச் சொன்னான். சொல்றப்பக் கண்ணு கலங்கிச்சு. அந்தச் சட்டியை வெச்சது நான். அவன் போத்திக்கிட்டுத் தூங்குவான். பரவால்ல, சொல்லிட்டுப் போகட்டும், காரியம் ஆனா போதும்னு நானும் கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். பாப்பம்மா தேம்பித் தேம்பி அழுதா.

சபாநாயகர் ஓட்டெடுப்புக்கு வந்தாரு. திருத்தத்தை ஆதரிக்கிறவங்க எழுந்து நிக்கணும்னாரு. எதிர்க்கட்சியில கொஞ்சம் பேரு எழுந்தாங்க. எங்க கட்சி வரிசையில டெனிஸு ஒருத்தரு மட்டும் எழுந்தாரு. சுத்தி உக்காந்திருந்தவன் எவனும் அவரை நிமிந்து பாக்கல. அவருக்குப் பின்னாடி குணா. கீழ குனிஞ்சு போனை நோண்டிக்கிட்டு இருக்கான்.

அப்புறம் சபாநாயகர் அடுத்த தரப்பைக் கூப்பிட்டாரு. அவரு சொல்லி முடிக்கறதுக்குள்ள குணா கோட்டுப் பட்டனைப் போட்டுக்கிட்டு எழுந்துட்டான்.

அம்மாசி அண்ணனுக்கு மலாய் அவ்வளவாப் புரியாது. "பாத்தியா, நம்ம பையன் எழுந்துட்டான்!"னு கையைத் தட்டினாரு. அவரோட சேந்து இன்னும் நாலஞ்சு பேரு தட்டினாங்க. யாரோ அவரு காதுல சொன்னாங்க, "அண்ணே, இது நம்மளை எதுத்து நிக்கிறது." மனுஷன் தட்டின கையைக் கீழ எறக்கத் தெரியாம அப்படியே வெச்சுக்கிட்டு நின்னாரு. சீ! அந்த மொகத்தைப் பாத்த பிறகு எனக்குச் சோறு எறங்கல.

எதுக்கிறவன் மொதல்லயே எதுத்திருக்கலாம். எங்க அம்மா தோளை ஏண்டா மேடையேத்தின? செத்துப் போனவளோட காய்ப்பைக் காட்டி அழுதுட்டு, அதே வாயால எங்களைத் தெருவுல தள்ளறதுக்குச் சரின்னு சொல்லிட்டானே. ஒருத்தன் மனசு எப்படிடா அவ்வளவு வழுக்குது?

திருத்தம் தோத்துப் போச்சு, டெனிஸைக் கட்சி நீக்கி வெச்சுது. பேப்பர்ல போட்டிருந்தான். அடுத்த நாளே மனுஷன் சுங்கை பட்டாணியில தன் ஆபீசுல உக்காந்து பழையபடி கேஸ் பாத்துக்கிட்டு இருந்தாரு. நான், பாப்பம்மா, அம்மாசி அண்ணன் மூணு பேரும் போனோம். உள்ள போகவே கால் கூசுச்சு. இவருக்கு எதிராத்தானே கையைத் தூக்கினோம்.

அவரு அதையெல்லாம் பேசவேயில்ல. நொரை பொங்க ஆத்தின டீ, தே தாரிக், வாங்கிக் குடுத்தாரு. "வைபி, உங்களுக்கு இருக்கற தைரியம் எங்க பையனுக்கு இல்லையே"ன்னாரு அம்மாசி அண்ணன்.

"தைரியமெல்லாம் இல்லண்ணே"ன்னாரு டெனிஸு. "கட்சி என்னைத் தூக்கிப் போட்டா எனக்கு இந்த மேசை இருக்கு. நாளைக்கும் கேஸ் வரும், புள்ளைங்க சாப்பிடும். குணாளனுக்கு என்ன இருக்கு? அந்த வரிசையில பாதிப் பேரு அவன் மாதிரித்தான். படிச்சு முடிச்சதும் கட்சி ஆபீசு, அதுலேருந்து நேரா சபை. வெளிய ஒரு வாழ்க்கையே தெரியாது. எழுந்து நில்லுன்னா நிப்பாங்க."

"அதுக்காக நாங்க பரிதாபப்படணுமா?"ன்னேன். எனக்கு ஆத்திரம் தாங்கல. "அவனுக்குப் பயமா இருக்குங்கறதுக்காக எங்க வீட்டை இடிக்கலாமா?"

"இல்லக்கா"ன்னாரு அவரு. "அதான் கோர்ட்டுக்குப் போகலாம்னு சொல்றேன்."

கேஸ் போடணும்னா முன்னாடி நிக்க ஒரு ஆள் வேணும். ஊரு சார்பா மொதப் பேரு அவுங்க பேராத்தான் இருக்கும், பேப்பர்ல வரும், கம்பெனிக்காரன் கண்ணும் அவுங்க மேலதான் இருக்கும். அம்மாசி அண்ணனுக்கு நெஞ்சு வலி. பாப்பம்மாவால படி ஏற முடியாது. என் பேரைப் போடுங்கன்னேன்.

அந்த வாரமே ஞாயித்துக்கிழமை குணா வந்தான். தனியா வந்தான், டிரைவர்கூட இல்ல. தஞ்சோங் டாவாய் நெத்திலியில அன்னைக்குச் சம்பல் பண்ணியிருந்தேன், அவனுக்கு உசுரு அது. வாசம் புடிச்சுக்கிட்டே உள்ள வந்தவன், தட்டை எடுத்து வெச்சா, "வேணாங்க்கா, மத்தியானம் டத்தோவோட சாப்பாடு"ன்னான். நாற்காலியில உக்காந்து கூரையைப் பாத்தான், செவுத்தைப் பாத்தான், என்னை மட்டும் பாக்கல.

"கேஸ்ல உன் பேரு மொதல்ல இருக்காமே?"

"இருக்கு."

"எடுத்துடுக்கா. சொந்த அக்காவையே அடக்க முடியல, இவன் எங்க கட்சிக்கு உண்மையா இருக்கப் போறான்னு டத்தோ எல்லாரு முன்னாடியும் கேட்டுட்டாரு."

"அடக்கறதுக்கு நான் என்ன கோயில் மாடா?"

அவன் சட்டைப் பையிலேருந்து ஒரு சாவியை எடுத்து மேசையில வெச்சான். "கூலிம்ல ஃபிளாட். மூணு ரூமு, லிஃப்ட் இருக்கு, உன் ஃபேக்டரிக்குப் பக்கம். உனக்காகப் பேசி வெச்சேன்."

"பாப்பம்மாவுக்கு?"

"மத்தவங்களுக்குப் பிறகு பாக்கலாம்."

"பிறகுன்னா எப்ப? வீட்டை இடிச்ச பிறகா?"

சாவியை என் பக்கம் நகத்தி வெச்சான். "முனியாண்டி முன்னாடி சத்தியம் பண்ணியேடா, உனக்குக் கூசலையா?"ன்னேன். அதுக்குத்தான் மொகம் மாறிச்சு. சட்டுன்னு கண்ணு கலங்கிடுச்சு, மேடையில கலங்குமே அப்படி இல்ல, நெஜமாவே கலங்கிச்சு.

"நான் என்னக்கா பண்ணட்டும்? நீ ஒரு ஃபேக்டரி இல்லேன்னா இன்னொண்ணு போவ. டெனிஸுக்கு ஆபீசு இருக்கு. என்னை அவரு விட்டுட்டா யாரு வேலைக்கு வெச்சுக்குவா? எனக்கு என்ன தெரியும்? வீட்டுக் கடனுக்கு அவருதான் ஜாமீன். என் மாமியாரு அந்தக் கட்சி. நான் எழுந்து நின்னிருந்தா அன்னைக்குச் சாயங்காலம் திரும்பிப் போக எனக்கு வீடு இருந்திருக்காது."

என் வீட்டை இடிக்கச் சொன்னவன் எங்கிட்டயே வந்து வீடு இருந்திருக்காதுங்கறான். சிரிக்கறதா அழறதா?

"எங்க லைன்ல ஆள் எடுக்கறாங்க, சூப்பர்வைசர்கிட்ட சொல்லட்டுமா?"ன்னு கேட்டேன். "மாஸ்க் போட்டுக்கிட்டா நீதான் வைபின்னு யாருக்கும் தெரியாது."

"வெளையாடாதக்கா."

"நான் வெளையாடலடா. நெஜமாத்தான் கேக்கறேன். ஒரு நாளாவது உன் கையால சம்பாதிச்ச சோத்தைத் தின்னு பாரு. பிறகு யாரு சொன்னாலும் எழுந்து நிக்கத் தோணாது."

அந்த நேரம் பாத்துப் போன் அடிச்சுது. பேரைப் பாத்ததும் நாற்காலியை விட்டு விறுக்குன்னு எழுந்து நின்னான். அந்தாளு எங்க இருக்காரோ, அலோர் ஸ்டார்லயோ கோலாலம்பூர்லயோ. இவன் என் வீட்டுக்குள்ள, என் கண்ணு முன்னாடி, போனுக்கு எழுந்து நிக்கறான். "ஆமாங்க டத்தோ. பேசிக்கிட்டுத்தான் இருக்கேன் டத்தோ. கேட்டுக்குவாங்க டத்தோ." அதைப் பாத்ததும் எனக்குள்ள மிச்சம் இருந்த பாசமும் வத்திப் போச்சு. சாவியை எடுத்து அவன் காடி மேல வெச்சுட்டு வந்து கதவைச் சாத்தினேன்.

ரெண்டு மூணு நாள் போச்சு. அப்புறம் ஒருநாள் காலையில, நான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து காலை நீட்டி உக்காந்திருக்கேன், பாப்பம்மா முட்டியைப் புடிச்சுக்கிட்டே பேப்பரோட வர்றா. "படிடி"ன்னு மடியில போட்டா. உள்பக்கத்துல அவன் போட்டோ, பக்கத்துல அறிக்கை.

"மேட்டுத் தோட்டம் தொடர்பாக வழக்குத் தொடுத்திருக்கும் மாது எனது குடும்பத்தைப் பிரதிநிதிக்கவில்லை. அம்மாதுவுக்கும் எனக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. என் பெயரைப் பயன்படுத்தி ஆதாயம் தேடுவோரிடம் மக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எனது விசுவாசம் என்றும் கட்சிக்கே என மாண்புமிகு குணாளன் காளிதாசன் தெரிவித்துக்கொண்டார்."

மாது. பேப்பர்ல செயின் பறிகொடுத்தவளை, லோரியில அடிபட்டவளை, யாரு எவருன்னு தெரியாத பொம்பளைங்களை அப்படித்தான் போடுவான். இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச அக்கா இப்ப அவனுக்கு மாது. அவனே எழுதினதுதான், அந்த நடை எனக்குத் தெரியும். டத்தோவுக்கு அத்தனை வருசம் எழுதிக் குடுத்த கையாச்சே.

பாப்பம்மா அழ ஆரம்பிச்சா. எனக்கு அழுகை வரல. துப்பணும்போல இருந்துச்சு. வாசலுக்குப் போய்த் துப்பிட்டு வந்தேன்.

டெனிஸு போன் பண்ணாரு. குரல்ல தயக்கம். "பேப்பர் பாத்தேன்க்கா. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, வேற ஒருத்தர் பேரை முன்னாடி போட்டுக்கலாம். இனிமே இன்னும் கேவலமாப் பேசுவாங்க."

"என் பேரு கோர்ட்டுக் காகிதத்துல எப்படிப் போட்டிருக்கு?"ன்னு கேட்டேன்.

"உங்க ஐசி-ல இருக்கற மாதிரித்தான். லோகேஸ்வரி, அனாக் பெரெம்புவான் காளிதாசன்."

காளிதாசன் மகள். எங்க நாட்டுல அடையாள அட்டையில அப்பா பேரு இல்லாம எந்தத் தமிழனுக்கும் பேரு கிடையாது. அவன் ஓட்டுச் சீட்டுலயும் அதே காளிதாசன்தான், இன்னைக்குப் பேப்பர்லயும் அதே காளிதாசன்தான்.

"அதை மாத்தவே வேணாம் டெனிஸு"ன்னேன். "கேஸ் அன்னைக்கு என்னைக் கூப்பிடுவாங்கள்ல, சத்தமாக் கூப்பிடுவாங்களா?"

"மைக்ல கூப்பிடுவாங்கக்கா. பத்திரிகைக்காரங்க எல்லாம் இருப்பாங்க."

"நல்லது. அப்பா பேரை முழுங்காமக் கூப்பிடச் சொல்லுங்க."